பன்னிரண்டாவது எலி

ஆரணியில் எனக்கு எலி டீச்சர் என்று பெயர். நான் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது, நானும் அதைத் தட்டிவிட முயன்றதில்லை. தறிக் குழியில் எலி புகுந்து பாவு நூலை அறுத்துவிட்டது என்று யாராவது போன் செய்தால், என்ன மருந்து வைப்பது என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது, வால் உடம்பைவிட நீளமா, குட்டையா என்பது. ஒருமுறை ஒரு தறிக்காரர் தண்ணீர் கேனுக்குள் ஒன்றை அடைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பார்த்தால் மூஞ்சூறு. இது எலியே இல்லை, பூச்சி தின்கிற பிராணி, உங்கள் பட்டு நூலை இது தொட்டிருக்காது என்றேன். அவர் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் என் பாவு நூலை அறுத்தது யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வீட்டில் பொறி வைத்து, மறுநாள் காலையில் சரியான ஆளைப் பிடித்துக் காட்டினேன்.

வீட்டு எலி எனக்குப் பொழுதுபோக்கு. என் வேலை காட்டு எலிகளோடு. ஆரணியிலிருந்து போளூர் போய், அங்கே பஸ் மாறி ஏறினால் ஜவ்வாது மலை. அந்தக் காட்டில் கரடி எங்கே இருக்கிறது, மான் எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு நிறையப் பேர் உண்டு. சருகுக்கு அடியிலும் பாறை இடுக்கிலும் மரப் பொந்திலும் எத்தனை வகை எலிகள் இருக்கின்றன என்று கேட்டால் ஆள் இல்லை. இத்தனைக்கும் விதையைத் தூக்கிப்போய்ப் புதைத்து வைத்து மறந்துபோவதும், ஆந்தைக்கும் பாம்புக்கும் நரிக்கும் சோறாவதும் அவைதான். எண்ணிக்கை தெரியாமல் காட்டைப் பற்றிப் பேசுகிறோமே என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. வேலை நிரந்தரமானதும் முறைப்படி வனத்துறை அனுமதி வாங்கி, விடுமுறைகளில் மலை ஏற ஆரம்பித்தேன்.

வேலை எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. மடிக்கிற அலுமினியப் பெட்டிதான் பொறி. உள்ளே வறுத்த வேர்க்கடலையும் தேங்காய்த் துண்டும். சாயங்காலம் பத்தடிக்கு ஒன்றாக வரிசையாக வைத்துவிட்டு, விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளிருப்பதைத் துணிப்பைக்குள் இறக்கி, எடை பார்த்து, உடம்பு, வால், பின்னங்கால், காது என்று நான்கு அளவு எடுத்து, காதோரத்தில் ஒரு துளி தோல் நறுக்கிக்கொண்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். ஒவ்வொரு வகைக்கும் சான்றாக ஒருசில மட்டும் ஸ்பிரிட் பாட்டிலுக்குள் போகும். அவற்றின் மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து தனியே வைப்போம். அந்தச் சான்று இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் நான் சொன்னதைச் சரிபார்க்க முடியாது. மூன்று வருஷம் இப்படிச் செய்து, மலையில் பதினொரு வகை எலிகள் இருப்பதாகப் பட்டியல் போட்டேன். கட்டுரை எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்குப் போகும் முன்னால் படங்கள் மட்டும் பாக்கி.

படங்களை வரைந்தது என் நாத்தனார். என் கணவரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு மேசையும் போட்டுப் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் அவள் போட்ட பார்டர் ஓடாத தெரு குறைவு. ஒரு கொடியை நானூறு கட்டத்துக்குள் அடக்க வேண்டும், ஒரு கட்டம் தப்பினால் புடவை முழுவதும் அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும். அந்தக் கவனம் எனக்குத் தேவைப்பட்டது. போட்டோவில் எலியின் பாதம் ஈரமான சதைத் துண்டு போலத்தான் தெரியும். கோட்டுப் படத்தில்தான் எந்த மேடு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும்.

முதலில் அவள் வரைந்துகொடுத்த மர எலி அழகாக இருந்தது. அதுதான் சிக்கல். இடது பக்கமும் வலது பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல, மீசை விசிறி மாதிரி விரிந்து, புடவைப் புட்டாவில் போட்டால் விற்றுவிடும் என்கிற மாதிரி இருந்தது. அதன் ஒரு காது கிழிந்திருந்ததே, அது எங்கே என்று கேட்டேன். அது அசிங்கமாக இருந்தது, சரி பண்ணிவிட்டேன் என்றாள். நீ சரி பண்ணக்கூடாது, இருக்கிறது இருக்கிறபடியே வர வேண்டும் என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கிழிந்த காதோடு புதுப் படம் என் மேசைமேல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் சரி பண்ணவே இல்லை.

கடைசியாக வரைய வேண்டியிருந்தது முள்மயிர்ச் சுண்டெலியின் பின்னங்கால். கட்டைவிரல் அளவு எலி. முதுகு மயிர் தட்டையாக, விறைப்பாக இருக்கும். வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் பிரஷ் மாதிரி குத்தும். மலையில் எனக்கு அதிகமாகக் கிடைத்ததும் அதுதான். சான்றாக வைத்திருந்த எட்டையும் அவளிடம் கொடுத்து, இதில் எது நன்றாக இருக்கிறதோ அதன் பாதத்தை வரைந்துவிடு என்று சொல்லிவிட்டுத் தேர்வுத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணி வாக்கில் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. இதுல ரெண்டு எலி கலந்துகினு இருக்குது."

மேசைமேல் வெள்ளைத் தாளில் எட்டையும் இரண்டு வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். ஒரு வரிசையில் ஐந்து, இன்னொன்றில் மூன்று. எல்லாப் பாதத்திலும் ஆறு மேடுகள்தான். ஆனால் ஐந்தில், குதிகாலை ஒட்டிய கடைசி மேடு நீளமாக, கமா போட்ட மாதிரி வளைந்திருக்கிறது. மூன்றில் அது சின்னதாக, உருண்டையாக, உள்ளே தள்ளி இருக்கிறது என்று பென்சில் முனையால் காட்டினாள்.

நான் அசரவில்லை. பொறுமையாக அவளுக்கு வகுப்பே எடுத்தேன். ஒரே வகைக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும், மனிதர்களில் இல்லையா, வயது ஏறும்போது மாறும், ஸ்பிரிட்டில் ஊறிச் சுருங்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். நான் முடித்ததும் மேசை டிராயரிலிருந்து நூல் எண்ணுகிற கண்ணாடியை எடுத்தாள். பட்டுத் துணியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று பார்க்க வைத்திருக்கும் சின்ன மடக்குக் கண்ணாடி அது. எலி வாலில் மோதிரம் அடுக்கியது போலச் செதில் வளையங்கள் இருக்கும். கண்ணாடியை வாலின் நடுவில் நிறுத்தி அதன் சதுரத்துக்குள் விழுந்த வளையங்களை எண்ணினாள். எட்டு வாலையும் எண்ணி, எண்ணியதைத் தாளில் அந்தந்த எலிக்குக் கீழே எழுதினாள். ஐந்தில் வளையம் நெருக்கம். மூன்றில் அகலம். இடைப்பட்ட எண் ஒன்றுகூட இல்லை.

"ஊறினா சுருங்கும்னீங்க. சுருங்கினா எட்டும்தானே சுருங்கணும்" என்றாள்.

நான் ஒவ்வொன்றின் காலிலும் கட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்து. அந்த ஐந்தும் சாமை விதைத்த கொல்லைகளின் வரப்பிலும் புதரிலும் பிடித்தவை. அந்த மூன்றும் நான் மலையில் தங்குகிற ஊருக்கு மேற்கே, பெரிய பாறைச் சரிவில் பிடித்தவை. மூன்று வெவ்வேறு மாதங்களில் பிடித்திருக்கிறேன், மூன்று தடவையும் பாறை என்று நானே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் முதல் வகுப்புக்கு முன்பே ஆய்வகத்துக்குப் போய், மண்டை ஓடுகளை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தேன். மேல் அண்ணத்தில் நீளவாக்கில் இரண்டு துளைகள் இருக்கும். ஐந்தில் அவை கடைவாய்ப் பற்களுக்கு நடுவரை போயின. மூன்றில் பல்லைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டன. இதைப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷமாக நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தத் துளையைப் பார்த்துத்தான் வகை பிரிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். முதல் வருஷம் முதல் முள்மயிர்ச் சுண்டெலி கிடைத்தபோது பார்த்தேன், பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு முதுகு குத்தினாலே அந்தப் பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். தன்னம்பிக்கை எனக்கு எப்போதும் குறைந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மதியமே பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன்: பட்டியல் தவறு, நிறுத்தி வையுங்கள், சரிசெய்து அனுப்புகிறேன். என் கணவர், ஒரு எலிதானே, அப்புறமாகத் திருத்தம் என்று ஒரு வரி போட்டால் போதாதா என்று கேட்டார். அவர் பட்டு நூல் வியாபாரி. இரண்டு தரத்து நூலை ஒரே சிட்டமாகக் கட்டி விற்பீர்களா என்று கேட்டேன்.

ஆசிரியர் மூன்று மாதம் கொடுத்தார். எலி மண்டை ஓடுகளைப் பார்த்தே தலை நரைத்த ஒரு அம்மா வேறு ஊரில் இருக்கிறார். அருங்காட்சியகச் சேகரிப்பு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் படங்களை அனுப்பினேன். சாயங்காலமே போன் செய்தார். வித்தியாசம் உண்மைதான் போலிருக்கிறது, ஆனால் உங்கள் மூன்றில் ஒன்று முழுதாக வளராதது, ஒன்றுக்கு மண்டை ஓட்டின் பின்பகுதி உடைந்திருக்கிறது, மிஞ்சியது ஒன்று, ஒன்றை வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்ல மாட்டேன், பாறையிலிருந்து வளர்ந்த ஆணும் பெண்ணும் பிடித்து உயிரோடு இருக்கும்போதே அளவெடுத்துக் கொண்டுவாருங்கள் என்றார். வெளியே ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. மழையில் பொறி வைப்பது பேஜார் பிடித்த வேலை. ஆனால் மழை முடியக் காத்திருந்தால் கெடு முடிந்துவிடும். நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

நானும் வருகிறேன் என்று நாத்தனார் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மலைக்கு வா என்று முன்பு கூப்பிட்டபோதெல்லாம் அட்டை கடிக்கும் என்று சொல்லித் தட்டிக்கழித்தவள். இத்தனை எலி வரைந்தும் உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது பெட்டிகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போளூரில் மலைப் பஸ் ஏறினோம். எதிர் சீட்டிலிருந்த ஒரு பெண்மணி மூட்டையில் என்ன என்று விசாரித்தார். எலிக்கு லாட்ஜ் என்று நாத்தனார் சிரிக்காமல் சொன்னாள். அந்தப் பெண்மணி கூடலூர்வரை, அந்தப் பெயர் உள்ள சின்ன ஊர் எங்கள் மலையிலும் ஒன்று உண்டு, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மலையில் எங்களுக்குத் துணை ஒரு சாமைக் கொல்லைக்காரர். ஐம்பது வயதிருக்கும். மூன்று வருஷமும் பொறி வைக்கிற இடம் காட்டியவர் அவர்தான். அவர் வீட்டு முன்னறையில் தங்கினோம். போன காரியத்தைச் சொல்லி, இரண்டு பாதப் படங்களையும் அவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கல்லுச்சுண்டும் கொல்லைச்சுண்டும் வேறு வேறுதான், அதில் என்ன சந்தேகம் என்று கேட்டார். அவை உருவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் கல்லுச்சுண்டு தானியக் குதிர் பக்கம் வராது, பாறை வெடிப்பில் புல்லை அடைத்து அதற்குள் குட்டி போடும் என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மூன்று வருஷமாகச் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்றேன்.

"நீங்க இன்னா கேட்டீங்க டீச்சரம்மா? இதுக்கு பேரு இன்னான்னு கேட்டீங்க. சுண்டுன்னேன். எத்தினி சுண்டு இருக்குதுன்னு கேக்கலியே."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவரிடம் சாம்பச்சுண்டு என்று மூன்றாவதாக ஒரு பெயரும் இருந்தது. அதையும் தேடினேன். கடைசியில் அது கொல்லைச்சுண்டின் குட்டிதான். முள்மயிர் முளைப்பதற்கு முந்தைய சாம்பல் நிறம். அவர் இன்றுவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது வேறு எலி என்றுதான் சொல்கிறார். இரண்டு விஷயத்தில் அவர் சரி, ஒன்றில் நான் சரி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் சாயங்காலம் நாற்பது பொறியையும் பாறைச் சரிவில் வைத்தோம். காலையில் முப்பத்தெட்டு காலி. ஒன்றில் தேரை. ஒன்றில் எறும்பு மொய்த்து இரை முழுவதும் போயிருந்தது. அதற்கு மறுநாள் காலையிலும் ஒன்றும் இல்லை, மழையில் பாறை வழுக்கி நான் உட்கார்ந்த வாக்கில் ஐந்தடி சறுக்கியதுதான் மிச்சம். கொல்லைக்காரர் பொறிகளைப் பார்த்துவிட்டு, மேலே வைக்காதீர்கள், வெடிப்புக்குள்ளே வாயை உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள், மழையில் அது வெளியே எதற்கு வரும் என்றார். பொறிகளை இடம் மாற்றினோம். நாத்தனார் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் தாளை நறுக்கி ஒவ்வொன்றுக்கும் கூரை போட்டாள்.

நான்காம் நாள் காலையில் தூறல் மட்டும்தான். முதல் ஏழு பொறி காலி. எட்டாவது மூடியிருந்தது. கையில் எடுத்தபோதே கனம் தெரிந்தது. பதினேழாவதும் மூடியிருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஒரு பாறைக் குடைவுக்குள் போய் உட்கார்ந்தோம். கையுறை போட்டு, முதல் பெட்டியைத் துணிப்பைக்குள் கவிழ்த்து, பிடரித் தோலைப் பிடித்து வெளியே எடுத்தேன். வளர்ந்த ஆண். வெள்ளை வயிறு, பழுப்பு முதுகு. நனைந்த முதுகில் முள்மயிர் தனித்தனிக் கற்றையாக நின்றது. பின்னங்காலைத் திருப்பினேன். கடைசி மேடு சின்னதாக, உருண்டையாக, உள்ளே தள்ளி இருந்தது. நாத்தனார் கண்ணாடியை வாலருகே கொண்டுவந்தாள், ஆனால் வால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இரண்டு விரலால் அதை மெல்லப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள். எண்ணி முடித்தும் வாலை விடவில்லை.

"சூடா இருக்குது அண்ணி" என்றாள். "நான் இது சில்லுனு இருக்கும்னே நெனச்சிகினு இருந்தேன்."

இரண்டாவது பெண். வயிற்றில் காம்புகள் பருத்து, சுற்றிலும் மயிர் உதிர்ந்திருந்தது. பால் கொடுக்கிற எலி. எங்கோ வெடிப்புக்குள் புல்லுக்கு நடுவே குட்டிகள் இருக்கின்றன. நான்கு அளவும் எடுத்தேன், எடை பார்த்தேன், காதோரத்தில் தோல் எடுத்தேன், பாதத்தை ஆறு கோணத்தில் போட்டோ எடுத்தேன். இதைச் சீக்கிரம் விட்டாக வேண்டும் என்றேன். அந்த ஆண் எலியை என்ன செய்வீர்கள் என்று நாத்தனார் கேட்டாள். அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். வைத்துக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் பாட்டிலிலிருந்து எடுத்துத்தான் வரைந்திருக்கிறாள்.

அவள் வாதாடவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாதாடியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அனுமதித் தாளில் எத்தனை எடுக்கலாம் என்று இருக்கிறது, மலையில் இவை நிறைய இருக்கின்றன, மண்டை ஓடு இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது, ஒன்றை எடுத்தால்தான் இந்தப் பாறைச் சரிவே கணக்கில் வரும். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் நான் நம்புகிறேன், இன்றும் நம்புகிறேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. விடுவதற்கு முன்னால் அந்தப் பெண் எலியை உயிரோடு ஒரு படம் வரைந்துகொள்ளட்டுமா என்றாள். பத்து நிமிஷம் என்றேன். ஸ்பிரிட் பாட்டிலைவிட ஒரு சுற்றுப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அதை விட்டோம். அது முதலில் மூலையில் ஒடுங்கியது. பிறகு பின்னங்காலில் உட்கார்ந்து, முன்னங்காலால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தது, காதை மடித்து மடித்து. நாத்தனாரின் பென்சில் தாளைவிட்டு எழவே இல்லை. பத்து நிமிஷம் ஆனதும் நான் சொல்வதற்கு முன்பே அவளே டப்பாவை எடுத்துப்போய், பதினேழாவது பொறி இருந்த வெடிப்பின் வாயில் சாய்த்தாள். அது திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது.

ஆண் எலியை நான் தனியாக எடுத்துப்போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தேன். மயக்க மருந்து வைத்தால் அதன் உயிர் தூங்குகிற மாதிரிதான் போகும். சீட்டில் இடம், நாள், உயரம், பிடித்தவர் பெயர் என்று எழுதும்போது பிடித்தவர் என்ற இடத்தில் மூன்று பேர் பெயரையும் எழுதினேன்.

மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து, பஞ்சில் பொதிந்து, அந்த ஓய்வு பெற்ற அம்மாவிடம் நானே ரயிலில் எடுத்துப்போனேன். அவர் பழைய சேகரிப்பிலிருந்த ஓடுகளோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அதற்குப் பாதிப் பகல் ஆனது. கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது வேறு வகைதான், சந்தேகமே இல்லை, ஆனால் உலகத்துக்குப் புதிதில்லை, வேறு மலைகளில் முன்பே பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றார். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். இல்லை என்றேன், அது மரியாதைக்குச் சொன்னது இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், யாருக்குத்தான் இருக்காது. ஆனால் நான் மலைக்குப் போனது அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. பதினொன்று என்று நினைத்தேன், பன்னிரண்டு இருக்கிறது. அது எனக்குப் போதுமான செய்தியாக இருந்தது.

கட்டுரையைத் திருத்தி எழுதினேன். கட்டுரையாளர் பெயர் வரிசையில் என் பெயருக்கு அடுத்து நாத்தனார் பெயரைப் போட்டேன். அவள் அதற்குச் சண்டைக்கு வந்தாள். நான் பத்தாவதுக்கு மேலே படிக்கவில்லை, படம் போட்டவர் என்று கீழே சின்னதாகப் போட்டால் போதும், நாளைக்கு யாராவது இங்கிலீஷில் கேள்வி கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றாள். பிரித்தது நீ, நான் சேர்த்து வைத்திருந்தேன், கேள்வி வந்தால் எட்டு வாலையும் எண்ணிக் காட்டு என்றேன். பெயர் அப்படியே இருந்தது. கட்டுரை வந்த நாளில் அதை அச்செடுத்து டிசைன் வாங்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவைத்தாள். அந்தப் பக்கத்தில் அவள் விரலால் தொட்டுக் காட்டுவது தன் பெயரை இல்லை, அந்தப் பாதங்களைத்தான்.

கட்டுரை அச்சாகி வருவதற்கு முன் எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மூன்று வருஷத்து நோட்டுப் புத்தகங்களில் முள்மயிர்ச் சுண்டெலி என்று எழுதி, அளவெடுத்து, விட்டுவிட்ட எலிகள் நிறைய. பாறையில் பிடித்தவற்றைப் பாறை வகை என்றும் வரப்பில் பிடித்தவற்றைக் கொல்லை வகை என்றும் மாற்றிவிடலாம்தான். ஆனால் இரண்டும் சந்திக்கிற ஓரங்களில் பிடித்தவை எது என்று எனக்கு எப்படித் தெரியும்? காதுத் தோல் கெடாமல் இருப்பவற்றை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மற்றவற்றை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, பெயரின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் வகை தெரியவில்லை என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அடித்த பெயர் கீழே படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் முறை. கார்த்திகை முழுவதும் கல்லூரி விட்டு வந்து தினம் ஒரு மணி நேரம் இதைச் செய்தேன். சில பக்கங்களில் என் பழைய கையெழுத்து எவ்வளவு உறுதியாக இருந்தது என்று பார்த்துச் சிரிப்பு வந்தது. புதுக் கையெழுத்தும் அதே உறுதியோடுதான் இருக்கிறது. தெரியவில்லை என்று எழுதிய இடங்களிலும் அப்படித்தான்.